புரத மாற்றம் வேறு, மரபணு மாற்றம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெற்பயிரைத் தாக்கும் குலைநோய் பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சம்பா நடவு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்நோய்க்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆயினும் கட்டுரையின் நடுவில் இருந்த ஒரு வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. குலைநோய்ப் பூஞ்சை புரத மாற்றத்தின் மூலம் தன் மரபணுவை மாற்றிக்கொண்டு இலைக்குள் நுழைகிறது என்று அதில் அச்சாகியிருந்தது. புரத மாற்றம் வேறு, மரபணு மாற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அந்தப் பூஞ்சை எப்போது வெறுமனே வளர்கிறது, எப்போது தாக்கத் தொடங்குகிறது, எந்த நேரத்தில் நாம் அதைத் தடுக்க இயலும் என்பதெல்லாம் சேர்ந்தே குழம்பிவிடும். நெல் சாகுபடி செய்த குடும்பத்தில் பிறந்து, இப்போது கல்லூரியில் தாவர நோயியல் பயிற்றுவிப்பவள் என்ற முறையில், இந்தக் குழப்பத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மரபணு மாற்றத்தைப் பார்ப்போம். இந்தியாவில் குலைநோய் முதன்முதலாகப் பதிவானது 1913ஆம் ஆண்டில். 1919இல் அன்றைய சென்னை மாகாணத்தின் தஞ்சைக் கழிமுகத்தில்தான் அது கொள்ளைநோயாகப் பரவி விளைச்சலை அழித்தது. அந்தக் காலம் முதல் நோயைத் தாங்கும் இரகங்களை உருவாக்குவதும், சில ஆண்டுகளில் அந்தத் தாங்குதிறன் உடைந்துபோவதும் மாறி மாறி நடந்து வருகின்றன. அவ்வாறு உடைவதற்குப் பெரும்பாலும் பூஞ்சையின் மரபணு மாற்றமே காரணம். இதற்கு நம் கோயம்புத்தூரின் பெயரைத் தாங்கிய ஓர் எடுத்துக்காட்டே உலக ஆய்வேடுகளில் இருக்கிறது. கோயம்புத்தூரில் வெளியிடப்பட்ட கோ 39 என்ற நெல் இரகம் குலைநோய்க்கு எளிதில் இரையாகக் கூடியது; அதனாலேயே பல நாட்டு ஆய்வகங்கள் அதைச் சோதனைப் பயிராக வைத்திருக்கின்றன. ஆனால் அந்த இரகத்திலும் ஒரு காவல் உண்டு. வேறு புல் வகையைத் தாக்கும் பூஞ்சைகளில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் கண்டால் கோ 39 உடனே விழித்துக்கொண்டு தொற்றை நிறுத்திவிடும். அந்தப் புரதத்திற்குரிய மரபணுவுக்கு அறிவியலாளர்கள் ஏவிஆர்1-கோ39 என்றே பெயரிட்டார்கள். நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு இல்லை, அல்லது செயலற்றுக் கிடக்கிறது. காட்டிக்கொடுக்கும் மரபணுவை இழந்த பூஞ்சையே நெல்லில் தழைத்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இது தலைமுறை தலைமுறையாக நடக்கும் மாற்றம். ஒருமுறை மாறினால் மாறியதுதான். அடுத்த தலைமுறைக்கும் அப்படியே செல்லும்.

புரத மாற்றமோ நிமிடங்களில் நடந்து நிமிடங்களில் கலையக் கூடியது. மரபணுவில் உள்ள செய்தியைக் கொண்டு செல் ஒரு புரதத்தைக் கட்டி முடித்த பிறகு, அந்தப் புரதத்தின் மேல் ஒரு சிறு வேதித்துண்டு ஏற்றப்படுகிறது, அல்லது இறக்கப்படுகிறது. அந்தத் துண்டு ஒரு பாஸ்பேட்டாக இருக்கலாம், சர்க்கரைச் சங்கிலியாக இருக்கலாம், கொழுப்பு அமிலமாக இருக்கலாம், யூபிகுவிட்டின் என்னும் இன்னொரு சிறு புரதமாகவே கூட இருக்கலாம். கழிமுகத்துக்காரர்களுக்கு இதை மடையை வைத்துச் சொல்வது எளிது. வாய்க்காலில் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மடைப்பலகையைத் தூக்கினால்தான் வயலுக்குப் பாய்கிறது, இறக்கினால் நின்றுவிடுகிறது. பலகையைத் தூக்குவதற்காக யாரும் வாய்க்காலைப் புதிதாக வெட்டுவதில்லை. அதைப் போலவே, ஏற்கெனவே செல்லுக்குள் தயாராக இருக்கும் புரதத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில், பெரும்பாலும் செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் ஒன்றின் மேல், கைனேஸ் என்னும் நொதி பாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே அந்தப் புரதத்தின் உருவமும் வேலையும் மாறுகின்றன. பாஸ்பட்டேஸ் என்னும் நொதி அதே பாஸ்பேட்டை இறக்கினால் புரதம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இத்தனைக்கும் மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. இந்த ஏற்றஇறக்கத்தைக் கண்டுபிடித்ததற்காகவே எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த வேறுபாட்டை என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட நுண்ணோக்கியில் காட்டுவதே வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் அக்கம்பக்கத்து வயல்களிலிருந்து குலைநோய் கண்ட இலைகளை அவர்களே பறித்து வருவார்கள். இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் அவற்றில் இருக்கும். நனைந்த வடிதாள் விரித்த தட்டில் இலைத்துண்டை வைத்து ஓர் இரவு மூடிவைத்தால், மறுநாள் புள்ளியின் சாம்பல் நடுவில் மெல்லிய புழுதி படிந்தாற்போல வித்துகள் எழுந்து நிற்கும். அவற்றை நீரில் கலந்து ஒரு சொட்டைக் கழுவித் துடைத்த கண்ணாடிச் சில்லிலும், இன்னொரு சொட்டைப் பழைய ஓ.எச்.பி. நெகிழித் தாளின் ஒரு துண்டிலும் விட்டு, ஈரம் காயாதபடி டப்பாவுக்குள் வைத்துவிடுவோம். வித்து பேரிக்காய் வடிவில், மூன்று அறைகளோடு இருக்கும். இரண்டு மணி நேரத்தில் இரண்டு சொட்டிலும் முளைக்குழல் நீட்டத் தொடங்கிவிடும். அதுவரை ஒரு வேறுபாடும் தெரியாது.

மாலையில் பார்த்தால் இரண்டும் இரண்டு உயிர்களைப் போல இருக்கும். கண்ணாடியின் மேல் முளைக்குழல் நூல் போல நீண்டு நீண்டு வளைந்துகொண்டே போயிருக்கும். அது வெறும் வளர்ச்சி. நெகிழியின் மேலோ குழல் சிறிது தூரம் மட்டும் நீண்டு, நுனி தட்டையாகி, வீங்கி, உருண்டு, நடுவே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிக்கொண்டு, நேரம் ஆக ஆகக் கருத்துப்போன ஒரு குமிழாக மாறியிருக்கும். பாடநூல்கள் இதை அப்ரசோரியம் என்கின்றன. நான் வகுப்பில் கருங்குமிழ் என்கிறேன். மறுநாள் காலையில் வித்தின் மூன்று அறைகளும் வெறுமையாகித் துவண்டு கிடக்கும். தன் உடம்பில் உள்ள பொருளையெல்லாம் தானே செரித்துக் குமிழுக்கு அனுப்பிவிட்டு வித்து மடிந்துவிடுகிறது. முதன்முறை பார்க்கும் மாணவர்கள் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்ப்பார்கள்.

இரண்டு சொட்டிலும் இருந்தவை ஒரே புள்ளியிலிருந்து எடுத்த வித்துகள். ஒரே மரபணுத் தொகுதி கொண்டவை. நெகிழித் தாள் நெல்லிலையைப் போலக் கடினமாகவும் நீர் ஒட்டாததாகவும் இருப்பதை முளைக்குழலின் நுனி உணர்ந்ததுதான் வேறுபாடு. அந்த உணர்வு உள்ளே செல்லும்போது சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது ஒரு கைனேஸை எழுப்புகிறது. அந்தக் கைனேஸ் பிற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. கண்ணாடிச் சொட்டிலேயே சைக்ளிக் ஏஎம்பியைக் கலந்துவிட்டால், நீர் ஒட்டும் அந்தப் பரப்பிலும் பூஞ்சை குமிழ் அமைக்கிறது என்று 1993இலேயே ஆய்வில் காட்டினார்கள். வெளியே இலை இல்லாமலே உள்ளே இருக்கும் மடையை மட்டும் திறந்து தாக்குதலைத் தொடங்க வைக்க முடிகிறது என்றால், முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இந்த மடைகளுள் தலைமடை என்று சொல்லத்தக்கது பிஎம்கே1 என்னும் கைனேஸ். 1996இல் ஜின்-ரோங் சூ, ஜான் ஹேமர் இருவரும் அதன் மரபணுவைப் பூஞ்சையிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். நீக்கப்பட்ட பூஞ்சை ஆய்வகத் தட்டில் வழக்கம் போலவே படர்ந்து வளர்ந்தது, வித்தும் விட்டது. ஆனால் அதனால் கருங்குமிழ் அமைக்க முடியவில்லை. குமிழ் இல்லாததால்தான் நுழைய முடியவில்லையோ என்று இலையில் காயம் உண்டாக்கி அதன் வழியே விட்டுப் பார்த்தபோதும் அது பரவவில்லை. வளர்வதும் நோயுண்டாக்குவதும் ஒன்றல்ல என்று இதிலிருந்து நான் மாணவர்களுக்குச் சொல்வேன். தட்டில் செழிப்பாக வளரும் பூஞ்சை வயலில் ஒன்றுமே செய்ய இயலாததாக இருக்கலாம். அந்த இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு புரதம் இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும் திறன்தான். பிஎம்கே1 தானாகவும் விழிப்பதில்லை. எம்எஸ்டி11 என்ற கைனேஸ் எம்எஸ்டி7 மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, எம்எஸ்டி7 பிஎம்கே1 மேல் ஏற்றுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் தாக்குதல் நின்றுவிடும்.

குமிழ் அமைந்த பிறகு நடப்பது வியப்புக்குரியது. அதன் உட்சுவரில் மெலனின் என்னும் கருநிறப் படலம் படிகிறது. உள்ளே கிளிசரால் பெருகுகிறது. நீர் உள்ளே புக, கிளிசரால் வெளியேற முடியாமல் மெலனின் தடுக்க, குமிழுக்குள் அழுத்தம் ஏறுகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்கு வரை அது உயரும் என்று அளந்திருக்கிறார்கள். கார் டயரில் நாம் நிரப்பும் காற்றழுத்தத்தைப் போல இது சுமார் 40 மடங்கு. அந்த விசை முழுவதும் குமிழின் அடியில் ஒரு மெல்லிய முளையில் குவிந்து, இலையின் மேல்தோலைக் குத்தித் திறக்கிறது. நுழைந்த பிறகு பிஎம்கே1 உள்ளே என்ன செய்கிறது என்பது நெடுநாள் தெளிவாகாமல் இருந்தது. 2018இல் நிக்கோலஸ் டால்பாட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதைத் தெளிவாக்கியது. பூஞ்சை முதல் செல்லுக்குள் நுழைந்த பிறகு பிஎம்கே1ஐ மட்டும் நிறுத்தினால், அது அந்த ஒரே செல்லுக்குள் அடைபட்டுப்போகிறது. நெற்செல்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வாயில்கள் வழியே, தன் இழையை மிக மெல்லியதாகச் சுருக்கிக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போகும் வித்தையும் அதே கைனேஸின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

தங்கள் கட்டுரை சுட்டிக்காட்டிய ‘புதிய வெளிநாட்டு ஆய்வு’ 2024இல் அதே டால்பாட் குழுவினர், இங்கிலாந்தின் நாரிச் நகரில் உள்ள செயின்ஸ்பரி ஆய்வகத்திலிருந்து ‘செல்’ இதழில் வெளியிட்டதாக இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். நீர் ஒட்டாத பரப்பில் வித்து முளைத்துக் குமிழாக மாறும் அந்தச் சில மணி நேரத்தில் எந்தெந்தப் புரதத்தின் எந்தெந்த இடத்தில் பாஸ்பேட் ஏறுகிறது என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். 2,062 புரதங்களில் 8,005 இடங்கள் கிடைத்தன. அவற்றில் பிஎம்கே1 நேரடியாகத் தொடும் புரதங்கள் எவை என்று பிரித்தெடுத்து, விடிஎஸ்1 என்ற ஒன்று நோயுண்டாக்குவதற்கு இன்றியமையாதது என்றும் காட்டினார்கள். ஆகவே அது மரபணு மாறியதைப் பற்றிய ஆய்வு அன்று. மரபணு மாறாமலே ஓர் உயிர் எத்தனை ஆயிரம் சிறு மடைகளை ஒரே இரவுக்குள் திறந்து மூடுகிறது என்பதைப் பற்றிய ஆய்வு. தங்கள் கட்டுரை அதைத் தலைகீழாக்கிவிட்டது.

பாஸ்பேட் மட்டுமே இந்த வேலையைச் செய்வதில்லை. சர்க்கரைச் சங்கிலியின் கதை அதைவிட நுட்பமானது. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்னும் கட்டுமானப் பொருள் இருக்கிறது. நெற்செல்லின் வெளிப்புறத்தில், கைட்டின் துணுக்குகளைக் கண்டறிவதற்கென்றே ஒரு காவற்புரதம் நிற்கிறது. அது கைட்டினைத் தொட்டுவிட்டால் பயிர் எச்சரிக்கையாகிவிடும். இதைத் தடுக்கப் பூஞ்சை எஸ்எல்பி1 என்னும் புரதத்தைச் சுரந்து, சிதறிக் கிடக்கும் கைட்டின் துணுக்குகளை அதைக்கொண்டு முதலில் பற்றிக்கொள்கிறது. காவற்புரதத்தின் கைக்கு எதுவும் எட்டுவதில்லை. ஆனால் எஸ்எல்பி1 இந்த வேலையைச் சரியாகச் செய்வதற்கு அதன் மேல் மூன்று இடங்களில் சர்க்கரைச் சங்கிலி ஏறியிருக்க வேண்டும். அதற்குத் தேவையான ஏஎல்ஜி3 என்ற நொதி இல்லாத பூஞ்சை இலைக்குள் நுழைந்தும் மேலே படர முடியாமல் நின்றுவிடுவதையும், சுற்றியுள்ள நெற்செல்கள் எதிர்ப்பு வேதிப்பொருள்களைக் கொட்டுவதையும் 2014இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். புரதம் இருக்கிறது, மரபணுவும் இருக்கிறது, மேலே ஏற வேண்டிய சர்க்கரை மட்டும் இல்லை. அவ்வளவில் மறைந்து நுழைந்த பூஞ்சை பிடிபட்டுவிடுகிறது.

யூபிகுவிட்டின் பற்றி ஒன்று சொல்லி அப்பால் செல்கிறேன். வேண்டாத புரதங்களை அழிக்கச் செல் அவற்றின் மேல் குத்தும் முத்திரை அது. பாக்டீரியாக்களில் பொதுவாக இந்த முறை இல்லை. இருந்தும் தக்காளியைத் தாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா, ஏவிஆர்பிடிஓபி என்ற புரதத்தைச் செடிக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் செடியின் சொந்த முத்திரைக்காரனைப் போலவே நடித்து, செடியின் பாதுகாப்புக் கைனேஸ் ஒன்றின் மேல் அழிவு முத்திரையைக் குத்திவிடுகிறது. செடி தன் காவலனைத் தானே அழித்துக்கொள்கிறது. நோயுயிரி தன் புரதங்களை மாற்றிக்கொள்வதோடு நில்லாமல், பயிரின் புரதங்களையும் மாற்றுகிறது என்பது இதனால் விளங்கும்.

இனி வயலுக்கு வருகிறேன். இவ்வளவும் ஆய்வகத்துக்குரியவை, உழவருக்கு இதனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. என் தந்தையாரின் வயலில் நடந்ததைச் சொல்கிறேன். அது ஒரு தாளடிப் பயிர். தொண்டைக்கதிர்ப் பருவத்தில் விடாத பனி. பத்து மணி வரை இலையில் ஈரம் காயவில்லை. இலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் இருந்தன. ஊருக்கு அருகில் இருந்த மருந்துக் கடையில் கேட்டபோது, கதிரில் வந்தால் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வீண்செலவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கதிர் வெளிவந்த பத்தாம் நாள், கழுத்துக் கணுக்கள் கருத்துப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு, அதே கடையில் டிரைசைக்ளசோல் வாங்கி வந்து இரண்டு முறை தெளித்தார். கதிர்கள் வெளுத்து, கழுத்தில் ஒடிந்து தொங்கின. கையில் ஒரு கதிரை எடுத்து உருவிக் காட்டி, “மருந்து அடித்தும் சாவியாகிவிட்டதே அம்மா, கலப்படமாக இருக்குமோ” என்று என்னிடம் கேட்டார். கலப்படம் இல்லை என்று விளக்க எனக்கு அன்று வார்த்தை வரவில்லை.

டிரைசைக்ளசோல் பூஞ்சையைக் கொல்லும் மருந்து அன்று. தட்டில் வளரும் பூஞ்சையின் மேல் அதை இட்டால், வளர்ச்சி பெரிதாகக் குறையாது. மெலனின் உருவாவதைத்தான் அது தடுக்கிறது. மெலனின் இல்லாத குமிழில் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாவிட்டால் தோலைக் குத்த முடியாது. ஆகவே அந்த மருந்து வேலை செய்யும் நேரம், வித்து விழுந்து முளைத்துக் குமிழ் கருக்கும் அந்த ஒரே இரவுதான். பூஞ்சை உள்ளே போன பிறகு, அதிலும் கழுத்துக் கணுவின் திசுவைத் தின்று முடித்த பிறகு, தெளித்தால் என்ன பயன்? புள்ளி நம் கண்ணுக்குத் தெரிவதற்கு நான்கைந்து நாள்களுக்கு முன்பே தாக்குதலுக்கான முடிவு எடுக்கப்பட்டு, செயலாகியும் விடுகிறது. என் தந்தையார் வாங்கிய மருந்து நல்ல மருந்தே. அது போய்ச் சேர்ந்தபோது மூட வேண்டிய மடை எல்லாம் திறந்து தண்ணீர் பாய்ந்துவிட்டிருந்தது. பிந்தித் தெளிப்பதால் வேறொரு கேடும் உண்டு: அறுவடைக்கு அருகில் தெளித்த மருந்து அரிசியில் எச்சமாக நிற்கும். ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் டிரைசைக்ளசோல் எச்ச வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாக 2017இல் குறைத்தபோது, நம் நாட்டு பாசுமதி ஏற்றுமதியாளர்கள் பட்ட பாட்டைத் தங்கள் வணிகப் பக்கமும் அறியும்.

தங்கள் கட்டுரையின் மரபணு மாற்ற விளக்கம் எனக்குக் கவலை தருவது இதனால்தான். பூஞ்சை மரபணுவையே மாற்றிக்கொண்டு வருகிறது என்று படிக்கும் உழவர், இனி எந்த மருந்தும் எந்த இரகமும் பயன்படாது என்று கைவிடுவார். அல்லது இன்னும் கடுமையான மருந்தை, இன்னும் அதிக அளவில் தேடுவார். அதே உழவரிடம், இந்தப் பூஞ்சை ஒவ்வோர் ஈரமான இரவிலும் புதிதாக ஒரு முடிவு எடுக்கிறது, அந்த முடிவுக்கு இலையின் மேல் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும், மிதமிஞ்சிய யூரியா இட்ட கரும்பச்சைப் பயிர் அதற்கு இடம் கொடுக்கிறது, தெளிப்பதாக இருந்தால் கதிர் வெளிவருவதற்குச் சற்று முன்னரே தெளிக்க வேண்டும் என்று சொன்னால், அவருக்குச் செய்வதற்கு ஏதோ ஒன்று கையில் கிடைக்கும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் நேர்ந்துவிடக் கூடாது. பிஎம்கே1ஐ நிறுத்தினால் நோய் நிற்கிறது என்றவுடன், குலைநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று நாளை ஒரு தலைப்பு வரலாம். அப்படி ஒரு மருந்து கடையில் இல்லை. 2018 ஆய்வில் அவர்கள் பயன்படுத்திய வேதிப்பொருள், அதற்கென்றே பிஎம்கே1இன் அமைப்பைத் திருத்திய பூஞ்சையில்தான் வேலை செய்தது. வயலில் உள்ள இயல்பான பூஞ்சையில் அது செல்லாது. கைனேஸ்கள் நெல்லிலும் இருக்கின்றன, நம் உடம்பிலும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பாஸ்பேட்டைப் பெறும் அவற்றின் குழிவு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்று போலவே இருப்பதால், பூஞ்சையின் ஒன்றை மட்டும் தொட்டு மற்றவற்றை விட்டுவிடும் பொருளை உருவாக்குவது எளிதன்று. அதற்காக இவ்வழி அடைபட்டுவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. விதை நேர்த்திக்குப் பல நாடுகளில் பயன்படும் ஃப்ளூடியாக்சோனில் என்ற பூஞ்சைக்கொல்லி, பூஞ்சையின் உப்பழுத்தத்தைச் சமாளிக்கும் பாஸ்பேட் சங்கிலியைத் தேவையில்லாத நேரத்தில் ஓயாமல் இயக்கிவிடுகிறது. கிளிசரால் அளவுக்கு மீறிப் பெருகிப் பூஞ்சையின் செல்கள் வீங்கி வெடிக்கின்றன. மடையை மூடாமல், திறந்த மடையை மூடவிடாமல் செய்தும் பூஞ்சையை அழிக்கலாம் என்பதற்கு இது கண்கூடான சான்று.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. முதலாவது, அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தம்: ‘பூஞ்சை தன் மரபணுவை மாற்றாமல், ஏற்கெனவே உள்ள புரதங்களின் மேல் பாஸ்பேட் முதலிய வேதிக்குறிகளை ஏற்றி இறக்குவதன் மூலம் தாக்குதலைத் தொடங்குகிறது’ என்று அது இருக்கலாம். மரபணு மாற்றப் பயிர்கள் குறித்து மக்களிடையே விவாதம் நடக்கும் நாட்டில், புரத மாற்றம் என்ற சொல்லை அந்தப் பொருளில் கலந்து எழுதுவது இரண்டு விவாதங்களையும் கெடுக்கும். இரண்டாவது, மார்கழி முடியும் வரை தங்கள் வேளாண் பக்கத்தில் மழையளவோடு சேர்த்து, காலையில் இலையில் ஈரம் எத்தனை மணி வரை நின்றது, இரவு வெப்பநிலை எவ்வளவு இருந்தது என்பதையும் வட்டாரவாரியாக வெளியிட முடியுமா என்று பாருங்கள். இரவில் குளிர்ச்சியும் நீடித்த ஈரமும் சேர்ந்து வரும் நாள்கள்தாம் கருங்குமிழ் உருவாகும் நாள்கள். எந்த மருந்து என்பதைவிட எந்த நாள் என்பதே உழவருக்கு இப்போது தெரிய வேண்டியிருக்கிறது.

கட்டுரையை எழுதிய தங்கள் செய்தியாளருக்கு ஒன்று தெரிவியுங்கள். எங்கள் ஆய்வகத்தில் கார்த்திகை முதல் வாரத்தில் மேலே சொன்ன சோதனையை மாணவர்கள் செய்வார்கள். காலை எட்டு மணிக்குச் சொட்டு வைத்தால், மாலை நான்கு மணிக்குள் கண்ணாடியில் நீண்ட நூலும் நெகிழியில் கருத்த குமிழும் தெரிந்துவிடும். அவர் ஒரு நாள் முழுதும் வந்து எங்களுடன் இருந்து பார்க்கலாம்; நுண்ணோக்கி ஒன்றை அவருக்கென ஒதுக்கி வைக்கிறேன்.

இங்ஙனம்,
தாவர நோயியல் பயிற்றுவிக்கும் ஆசிரியை ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.